தகுதிச் சான்றுக்கு நான் கழற்றிக் கொடுத்த டயர்கள்

அனுப்புநர்:
ஆ. செபஸ்தியான்,
பள்ளி வேன் உரிமையாளர் மற்றும் ஓட்டுநர்,
மாதா கோவில் தெரு, திண்டுக்கல்.

பெறுநர்:
வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
திண்டுக்கல்.

பொருள்: திரு. ஞானராஜ் என்பவரது பள்ளி வேன் இரவல் டயரில் தகுதிச் சான்று பெற்றது – திடீர் ஆய்வு கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் மேற்படி ஞானராஜும் ஒரே தெரு, ஒரே மாடல் வேன். சின்னாளபட்டியில் ஒரே பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிச் செல்கிறோம். எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. எஃப்.சி. என்னும் தகுதிச் சான்றுக்கு ஒருவர் வண்டி போனால் மற்றவர் தம் நல்ல டயரைக் கழற்றிக் கொடுப்பார். தவறு என்று தெரிந்தே செய்து வந்தோம்.

2. கடந்த மே மாதம் என் முன்டயர்கள் இரண்டையும் நானே ஜாக்கி வைத்துக் கழற்றி அவருக்குக் கொடுத்தேன். ஆய்வு செய்த அதிகாரி மீது குறையில்லை. அவர் பார்த்தது நல்ல டயர்தான். ஞானராஜ் அன்று மாலையே அவற்றைக் கழுவித் துடைத்துத் திருப்பித் தந்தார். எதிலும் நல்ல பெயர் வாங்கத் தெரிந்தவர்.

3. பள்ளி திறப்பதற்குள் புது டயர் மாட்டுவதாகச் சொன்னவர் ஸ்பீக்கரும் கலர் லைட்டும் மாட்டினார். வேன் பழைய மொட்டை டயரில்தான் ஓடியது. இடது பக்கம் கம்பி தெரிந்தது. என் வேனில் வந்த இருபத்திரண்டு பேரில் பதினொரு பேர் ஜூன் மாதமே அவரிடம் மாறிவிட்டார்கள். அதில் ஒருத்தி என் சொந்த மகள் டெய்சி. "ஒங்க வண்டியில பாட்டே இல்லப்பா. ஞானராஜ் மாமா வண்டியில அம்புட்டுப் பேரும் பாடிக்கிட்டே போறோம்" என்கிறாள். பெற்றவனுக்கு வயிறு எரியாதா? இம்மனுவில் பொறாமை இல்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் டயரில் கம்பி தெரிந்தது என் பொறாமையால் அல்ல.

4. என் குற்றத்தையும் மறைக்கவில்லை. எஃப்.சி.யில் என் வேனில் இருந்த தீயணைப்பான் ஞானராஜுடையது. இன்றுவரை எனக்குச் சொந்தமாக ஒன்று இல்லை.

5. கடந்த வெள்ளிக்கிழமை தூறலில், காந்திகிராமம் அருகே அவர் வேன் வழுக்கிச் சாலையை விட்டு இறங்கி நின்றது. யாருக்கும் அடியில்லை. டெய்சி அதைச் சிரித்துக்கொண்டே சொன்னாள். சாப்பாட்டை விட்டு எழுந்து அவர் வீட்டுக்குப் போனேன். அவரிடம் கேட்டதற்கு "அடுத்த மாசம் பாப்போம்ணே" என்றார். மகளை மட்டும் இறக்கிக்கொண்டால் மற்ற பிள்ளைகள் அதே டயரில்தானே போக வேண்டும்?

6. ஆகவே இன்று காலை என் முன்டயர்களை மறுபடியும் அவர் வேனில் மாட்டிவிட்டேன். என் வேன் கல்லை முட்டுக்கொடுத்து நிற்கிறது. என்னிடம் மிச்சமிருந்த பதினொரு பிள்ளைகளை இன்று பெற்றோரே பைக்கில் கொண்டுபோய் விட்டார்கள்.

தாங்கள் இப்போது ஆய்வு செய்தால் அவர் டயர் நன்றாகவே இருக்கும். அவை என்னுடையவை என்பது இணைப்பிலுள்ள டயர் எண்களால் விளங்கும். அவரைச் சொந்த டயர் மாட்டச் செய்து, என் வேனையும் ஆய்வு செய்து, எனக்குரிய தண்டனையையும் விதிக்கக் கோருகிறேன். அருள்கூர்ந்து தாமதிக்க வேண்டாம். தாமதித்தால் மிச்சமுள்ள பதினொரு பேரும் என் டயரிலேயே, அவர் பாட்டைக் கேட்டுக்கொண்டு போய்விடுவார்கள்.

இடம்: திண்டுக்கல்
நாள்: 14.07.2025

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
ஆ. செபஸ்தியான்

இணைப்பு: டயர் எண்கள், கம்பி தெரியும் பழைய டயரின் புகைப்படம்.