நீல டிக்

செவ்வாய்க்கிழமை, இரவு.

குண்டனி நாட்டு மலைக்கிராமத்துப் பூங்கொடி இன்று எங்கள் சுகாதார நிலையத்துக்குச் செக்கப்புக்கு வந்தாள். எட்டாம் மாதம். மேடேறி நடந்து, பஸ் பிடித்து வந்திருக்கிறாள். டாக்டர் நேற்றே பார்த்துவிட்டுப் போய்விட்டார்.

"திங்கக்கிழமைக்கு மாத்தியாச்சுன்னு வாட்ஸப் குரூப்புல போட்டேனே கண்ணு, பாக்கலியா?"

"அது அவரு நம்பருங்கக்கா. எனக்கேதுங்க போனு? அவரு போர்வெல் லாரியில வடக்க போயிருக்காருங்க. போனதுலருந்து சேதியே இல்லீங்க."

மலைக்குச் செல்போன் டவர் வருவதற்கு முன், டாக்டர் வரும் தேதி மாறினால் காலை பஸ் கண்டக்டரிடம் சொல்லிவிடுவேன். அவர் ஒவ்வொரு ஊரிலும் இறங்குகிறவர்களிடம் சொல்லுவார். பொழுது சாய்வதற்குள் வீடு வீடாகப் போய்ச் சேர்ந்துவிடும். குரூப் வந்த பிறகு அதை விட்டுவிட்டேன். இந்த முறையும் எல்லாருக்கும் நீல டிக் விழுந்ததும் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டேன். போன் யார் கையில் இருக்கிறது என்று யோசிக்கவே இல்லை.

பிரஷர் பார்த்தேன். அதிகம். காலிலும் வீக்கம். ஆம்புலன்ஸை வரவழைத்துக் கீழே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினேன். அங்கிருந்து இன்னும் தகவல் இல்லை.

வண்டிக்குக் காத்திருந்தபோது என் போனில் அந்த மெசேஜைக் காட்டினேன். அதன் கீழே அவள் புருஷன் கட்டைவிரல் படம் போட்டிருந்தான். பார்த்தவன் பக்கத்து வீட்டுக்காவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எனக்கு எரிச்சலாக வந்தது.

"இது எப்பங்க போட்டாரு?"

"சனிக்கிழமை ராத்திரி."

"அப்ப நல்லாத்தான் இருக்காருங்க."

ஆம்புலன்ஸ் வரும்வரை என் போனை அவள் திருப்பித் தரவில்லை.