லோங்காங் ஓரத்தில் நிற்பவள்

வியாழன் இரவு. பள்ளி விடுமுறையின் மூன்றாவது வாரம்.

எல்லாம் போரடித்ததால் வந்த வினை. திங்கட்கிழமை வைஃபை வேலை செய்யவில்லை, பிஸ்கட் டின்னும் காலி. அம்மா ஷா ஆலம் ஃபேக்டரிக்குப் போய்விட்டார். பக்கத்து வீட்டு மாலா ஆன்டி பின்பக்கம், லோங்காங் என்று நாங்கள் சொல்லும் சாக்கடைக்குப் பக்கத்தில், துணி காயப்போட வந்தார். நான் சும்மா இருந்திருக்கலாம்.

"ஆன்டி, பின்னால லோங்காங் ஓரமா ஒரு பொண்ணு நின்னுச்சு. தலையெல்லாம் ஈரம். கூப்பிட்டேன், திரும்பவே இல்ல" என்று கதை அளந்தேன்.

இரண்டே நாளில் எங்கள் வரிசை வீடுகள் முழுக்க அதே பேச்சு. ஆன்டி பின்வாசல் கிரில்லில் எலுமிச்சம்பழம் கட்டிவிட்டார். சின்னப் பிள்ளைகளைப் பின்னால் விளையாட விடுவதில்லை. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

இன்று சாயந்திரம் வேலை முடிந்து வந்த அம்மா பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"நானும் பாத்துட்டேன்டி."

"யார?"

"அந்தப் பொண்ணத்தான். கையில ஒத்த சிலிப்பர் வெச்சிருந்துச்சு."

"அம்மா, அது நான் சும்மா விட்ட கதை லா!"

அம்மா போய்ப் பின்கதவைப் பூட்டினார்.

ஒற்றைச் சிலிப்பர். ஆன்டியிடம் கதை விடும்போது அதையும் சேர்க்கத்தான் நினைத்தேன். ரொம்ப ஓவராகிவிடும் என்று விட்டுவிட்டேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

அன்றைக்கே இன்னொன்றும் யோசித்து வைத்திருந்தேன், அவள் யாரைத் தேடி வருகிறாள் என்று. அதை இங்கேகூட எழுத மாட்டேன்.