பின்பக்கத்து ஆணி

அன்புள்ள உங்களுக்கு,

உங்கள் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. போன் கூடாது, கடிதம் மட்டும் என்று அந்த விடுதியில் வைத்திருக்கும் விதி நல்லதுதான். போனில் என்றால் நான் பாதியிலேயே வைத்திருப்பேன். கை நடுக்கம் குறைந்திருப்பது உங்கள் எழுத்திலேயே தெரிகிறது. குடியை விட்டதும் பசி எடுக்கிறது என்று எழுதியிருந்தீர்கள். கூச்சப்படாமல் இரண்டாம் தடவையும் கேட்டுச் சாப்பிடுங்கள்.

இங்கே பெரிய குறை ஒன்றுமில்லை. குளியலறைச் சுவர் மறுபடி ஊறுகிறது. பள்ளியில் பத்தாம் வகுப்பு வேதியியலையும் என் தலையில் கட்டிவிட்டார்கள். குட்டிக்குத் தேர்வு நெருங்குகிறது. கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிறாளா, சும்மா உட்கார்ந்திருக்கிறாளா, தெரியவில்லை.

நீங்கள் காய்ச்சி ஊற வைத்த பீர்ப் பீப்பாயைத் திறந்ததும் நான்தான் முதலில் குடிக்க வேண்டும், எப்படி இருந்தது என்று ஒன்றுவிடாமல் எழுத வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். குட்டிக்கும் தனியாக எழுதியிருக்கிறீர்கள், பீப்பாய் நன்றாக இருந்தால் அப்பாவும் நன்றாக இருப்பேன் என்று. அந்தத் தாளை அவள் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருக்கிறாள்.

ஞாயிறு காலை உங்கள் பீர்ப் பட்டறைக்குப் போனேன். உங்கள் தம்பி தரையைக் கழுவி, கிளாஸ்களைத் துடைத்து, கல்யாண வீடு மாதிரி வைத்திருந்தார். நான் நேராகப் பீப்பாயின் முகப்புக்குப் போனேன். ருசி பார்க்க விட்ட துளை, அதை அடைத்த ஆணி, அதன் மேல் சிவப்பு மெழுகு. நிரப்பிய அன்று என் கட்டைவிரலைப் பிடித்து அந்த மெழுகில் அழுத்தினீர்களே. "இதுல உன் ரேகை இருக்கிற வரைக்கும் நான் தொடலன்னு அர்த்தம்" என்றீர்கள். ரேகை அப்படியே இருந்தது. நம்புங்கள், அங்கேயே உங்களைப் பாதி மன்னித்துவிட்டேன். வீட்டில் ஒரு மாலை குடிக்காமல் இருக்க முடியாத மனிதர், இந்த ஒன்றை ஒன்றரை வருடம் தொடாமல் காத்திருக்கிறாரே என்று பீப்பாயின் மேல் பொறாமைகூட வந்தது.

உங்கள் தம்பி மெழுகை உரித்து ஆணியைப் பிடுங்கினார். ஒரு சொட்டும் வரவில்லை. மரம் கொஞ்சம் குடிக்கத்தான் செய்யும் என்றார். பிறகு மேல் வாயைத் திறந்து, குழாயை ஆழமாக விட்டு ஒரு கிளாஸ் எடுத்தார்.

நிறம் கருந்தேன். நுரை நிற்கவில்லை. முகர்ந்தால் வறுத்த கொட்டையும், தீய்ந்த சர்க்கரையும், மழையில் நனைந்த பலகையும். வாயில் வைத்ததும் ரொட்டியின் கருகிய விளிம்பு மாதிரி ஓர் இனிப்பு. பிரவுன் ஏல் வகைப் பீர் என்றால் இலேசாக இருக்கும் என்று நினைத்திருந்தேன். இது நெஞ்சுவரை சூடாக இறங்கியது. நீங்கள் செய்ததிலேயே இதுதான் உயர்ந்தது, அதை மறைக்க மாட்டேன். ஆனால் விழுங்கிய பிறகு, நாக்கின் ஓரங்களில் வினிகர். முதலில் நூலாக, பிறகு வாய் முழுக்க. குறைந்த பீப்பாய்க்குள் காற்று புகுந்தால் என்ன ஆகும் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிப்போடுகிறவள் நான்.

எங்காவது ஒழுகியிருக்கும் என்று பீப்பாயைச் சுவரிலிருந்து நகர்த்தினோம். பின்பக்கம், தரைக்குச் சமீபமாக, இன்னோர் ஆணி இருந்தது. அதற்கு மெழுகு இல்லை. தலை மட்டும் தேய்ந்து பளபளத்தது. கீழே நம் வீட்டு நீலக்கரைக் கோப்பை. அதைத் தொலைத்துவிட்டாள் என்று குட்டியை நான் இரண்டு நாள் திட்டினேன். நீங்களும் பக்கத்தில் உட்கார்ந்து, பொறுப்பே இல்லை என்று அவளுக்குப் புத்தி சொன்னீர்கள்.

உங்கள் தம்பி என் முகத்தைப் பார்க்காமல், "மரம் சரியில்ல அண்ணி. அண்ணனுக்கு அப்படியே எழுதிடுங்க" என்றார். மரம் இவ்வளவு குடிக்குமென்றால் அதையும் அந்த விடுதியிலேயே சேர்த்துவிடலாம் என்றேன். அவர் சிரிக்கவில்லை. மிச்சத்தைச் சாக்கடையில் திறந்துவிட்டுத் திரும்பி நின்றுகொண்டார்.

பீப்பாய் எப்படி இருந்தது என்று குட்டி கேட்டாள். இன்னும் பக்குவமாகவில்லை, கொஞ்சம் நாளாகும் என்றேன். கோப்பையைக் கழுவி அலமாரியில் வைத்தேன். அவள் அதைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

அடுத்த மாதம் உங்களை அழைத்துப் போக வருகிறேனா என்று மருத்துவர் கேட்டிருக்கிறார். இன்னும் பதில் போடவில்லை. குடித்ததற்காக இல்லை. குடிக்கிறவர் என்று தெரிந்துதான் இத்தனை வருடம் கதவைத் திறந்தேன். என் விரலைப் பிடித்து மெழுகில் அழுத்தியபோது, பின்னால் அந்தத் துளை ஏற்கெனவே இருந்ததா?

சுவை எப்படி என்று என்னிடம் கேட்டீர்கள். என்னைவிட உங்களுக்குத்தான் அது நன்றாகத் தெரியும். இந்த முறை நீங்கள் எழுதுங்கள். மரத்தின் மேல் போடாமல் எழுதுங்கள். ஒரு வரி போதும், அதைப் பார்த்துவிட்டு மருத்துவருக்கு எழுதுகிறேன்.

வேளைக்குச் சாப்பிட்டு, இரவில் நன்றாகத் தூங்குங்கள். உங்களுக்கு ஒரு குறையும் வரக் கூடாது.

தபால்காரர் வரும் நேரம் வாசலில் நிற்கும்,
உங்கள் மனைவி