சிவப்பு நூல் கட்டின முனை

என் அன்பான வாயாடி ரீட்டாவுக்கு,

நீ போய் ஏழு மாசம். மோட்சத்தில் பாட்டு இருக்கோ இல்லையோ தெரியாது. இருந்தால் கட்டாயம் குறை கண்டுபிடித்திருப்பாய். வாத்தியம் வாசிக்கிற சம்மனசுகள் பாவம்.

எட்டாம் வகுப்போடு நின்ற என்னைப் பிடித்து உன் மகள் நிரோஷி, “அன்ரி, என்ர அல்பத்தோட போட ரெண்டு வரி எழுதித் தாங்கோ” என்கிறாள். ஓமடி, அதே அல்பம்தான். நீ “ஆளில்லாத வீடு மாதிரி இருக்கு” என்று சொல்லி மூட வைத்தாயே, அது. ஊருக்கு எழுத எனக்கு வராது. உனக்கு எழுதுகிறேன், ஊர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொள்ளட்டும்.

கேட்கிறவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன், நீ கொஞ்சம் பொறு. நானும் ரீட்டாவும் கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஒரு ஒடுங்கின ஒழுங்கைக்குள் பதினொரு வருசம் இடியப்பம் பிழிந்தவர்கள். பின்னேரம் இரண்டு மணிக்கு மா குழைக்கத் தொடங்கினால் ஆறு மணிக்குக் கடைசித் தட்டு இறங்கும். முதலாளியம்மாவுக்குச் சத்தம் ஆகாது. அதனால் ஒரு போன், ஒரு இயர்போன், ஆளுக்கு ஒரு முனை. மற்றக் காது முதலாளியம்மா கூப்பிட்டால் கேட்க.

உன் முனையில் நீ சிவப்பு நூல் கட்டி வைத்தாய். “உன்ர காது ஊத்தை எனக்கு வேண்டாம்” என்றாய். நான் குளித்து, பவுடர் பூசி, தலைக்கு எண்ணெய் வைத்து வருகிறவள்! இயர்போன் எத்தனை மாறினாலும், பதினொரு வருசத்தில் ஒரு நாள்கூட முனை மாறியதில்லை.

பாட்டெல்லாம் நிரோஷி போனில் போட்டுத் தருவது. “இது இண்டி அம்மா. கம்பனி ஒண்டும் இல்ல. தாங்களே எழுதி, தாங்களே பாடி, தாங்களே போடுறது” என்று அவள் விளக்கினபோது, “அப்ப கைப்பிழியல் எண்டு சொல்லன்” என்றாய். அன்றிலிருந்து நாங்கள் கைப்பிழியல் பாட்டுக்கு நீதவான்கள். ஒரு அல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசி வரை கேட்போம், நடுவில் கதை இல்லை. முடிந்து தட்டு இறக்கும்போது தீர்ப்பு. நல்லதென்றால் ‘வெந்தது’. இல்லையென்றால் ‘பச்சை மா’. தனியாக யாரும் கேட்கக் கூடாது, தனியாகத் தீர்ப்பும் சொல்லக் கூடாது. அது உன் சட்டம்.

ஆனால் ஒரே ஒரு அல்பத்தைத் தவிர என்றைக்காவது ஒத்துப்போனோமா? மட்டக்களப்புப் பெடியளின் ‘ஈரச் சாக்கு’ பேண்ட் நினைவிருக்கா? “ட்ரம் அடிக்கிறவனுக்கு ஆரோ சாப்பாடு போடேல்ல, போட்டு அடி அடியெண்டு அடிக்கிறான்” என்றாய். “ட்ரம்மே இல்லையேடி, பிள்ளையை நித்திரையாக்கிற பாட்டு மாதிரி இருக்கு” என்றேன். “உனக்குக் காதுக்குள்ள அரிசி மா” என்றாய். தட்டை என் பக்கம் டங்கென்று வைத்தாய். நானும் வைத்தேன். முதலாளியம்மா வந்து இரண்டு பேரையும் பார்த்துவிட்டுப் போனா.

அதெல்லாம் சிரிப்பு. நிரோஷியின் அல்பம்தான் சிரிப்பு இல்லாமல் போனது.

உங்கள் ஒற்றை அறையில் உன் சீலைகளைக் கொடியில் தொங்கவிட்டு, எதிரொலி வராமல் அவற்றுக்கு நடுவில் நின்று பாடிப் பதிந்த எட்டுப் பாட்டு. பேரும் ‘கொடியில காயுறது’ என்று வைத்தாள். வீட்டில் கேள் என்று அவள் கெஞ்சியும் நீ கேட்கவில்லை. “மகேஸ் இல்லாமல் நான் தீர்ப்புச் சொல்ல மாட்டன்” என்றாயாம். அதை நாங்கள் கேட்ட வியாழக்கிழமை நீ உன் முனையைக் காதில் வைத்த விதத்தைப் பார்த்து, பூசைக்குப் போகிறாள் என்று நினைத்தேன்.

கடைசித் தட்டு இறங்கியது. நான்தான் முதலில் வாய் திறந்தேன். “வெந்தது! அந்த வயலின் இருக்கே, மனுசரை அப்படியே இழுக்குது. பிள்ளைதான் ஏனோ தூரத்தில நிண்டு பாடுறாள்.”

“வயலினா? எங்க வயலின்?”

“அதுதானேடி முழுக்க வருது.”

“மகேஸ், பாட்டு நிண்டு நிண்டு போகுது. ஒரு வரி பாடுறாள், பிறகு ஒண்டும் இல்ல. திரும்ப ஒரு வரி, திரும்ப ஒண்டும் இல்ல. ஹோல்ட்டுக்கு ஹோல்ட் நிக்கிற பஸ் மாதிரி. நீ என்னண்டால் இல்லாத வயலினைப் புகழுறாய்.”

“பிள்ளையிட்டயே கேளன்.”

“என்ர காது என்னிட்ட இருக்கு. என்ர பிள்ளை எண்டதுக்காக நீ பொய் சொல்லத் தேவையில்ல.”

நான் என் முனையைக் கழற்றி, இந்தா இதிலயாவது கேள் என்று நீட்டினேன். நீ முகத்தைச் சுளித்தாய். “அந்த ஊத்தையையா?” என்றாய்.

அரை நிமிசம் வைத்துப் பார்த்திருந்தால் முடிந்திருக்கும், ரீட்டா. அரை நிமிசம்!

எனக்கு வந்த கோபத்தில் இரண்டு தட்டு இடியப்பம் சப்பாத்துக் கயிறு மாதிரி வந்தது. நான் எத்தனையோ பொய் சொன்னவள். வயதைக் குறைத்திருக்கிறேன், காய்ச்சல் என்று லீவு எடுத்துப் படத்துக்குப் போயிருக்கிறேன், உன் புது இரவிக்கை நல்லாயிருக்கு என்றுகூடச் சொன்னேன். ஆனால் பாட்டில் உனக்கு நான் பொய் சொன்னதுண்டா?

நீ வீட்டுக்குப் போய் மகளிடம் உன் தீர்ப்பைச் சொன்னாய். நின்று நின்று போகுது, ஆளில்லாத வீடு மாதிரி இருக்கு என்று. அவள் “சரி அம்மா” என்று மட்டும் சொன்னாளாம். அதோடு அதை யாருக்கும் போடாமல் மூடி வைத்தாள். பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே எழும்பிப் போய்விடுகிறாள் என்று நீயே எனக்குச் சொன்னாய். நான் உனக்குப் பின்னால் போய் அவளோடு கதைத்தால் நீ என்னைக் கொன்றிருப்பாய். பேசாமல் இருந்தேன். நான் பேசாமல் இருந்த ஒரே விசயம் அதுதான், அதுவும் பிழையாய்ப் போயிற்று.

பத்து நாள் எங்களுக்குள் பாட்டு இல்லை. பதினோராம் நாள் என் முனையை எடுத்து, உன் சீலைத் தலைப்பால் துடைத்து, என்னிடம் நீட்டினாய். அவ்வளவுதான், சமாதானம். ஆனால் நிரோஷியின் அல்பத்தைப் பற்றி நீயும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. இரண்டு கிழமையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டாய். நான் பொய் சொன்னேன் என்ற நினைப்போடுதானே போனாய்?

செத்தவீடு முடிந்து நிரோஷி போனையும் இயர்போனையும் என் கையில் தந்தாள். உன் ஸ்டூலில் இப்போது ஒரு புதுப் பிள்ளை இருக்கிறாள். நல்ல பிள்ளை, மெல்லிசாகப் பிழிவாள். ஆனால் பாட்டு வேண்டாமாம், தலையிடிக்குமாம். அதனால் உன் முனை சும்மா தொங்கிக்கொண்டிருந்தது.

போன மாசம் கோயில் திருநாளுக்கு எங்கள் ஒழுங்கை வாசலிலேயே ஸ்பீக்கர் கட்டிவிட்டார்கள். என் ஒற்றைக் காது போதவில்லை. சத்தத்தை அடைக்க உன் முனையை எடுத்து மற்றக் காதில் வைத்தேன். மன்னித்துக்கொள், பவுடர் பூசிக்கொண்டுதான் வைத்தேன். ‘ஈரச் சாக்கு’ ஓடிக்கொண்டிருந்தது.

ரீட்டா, ட்ரம் இருக்கிறது! உன் முனையில் அவன் அந்த அடி அடிக்கிறான். என் முனையில் அந்த நித்திரைப் பாட்டு. இரண்டும் சேர்ந்தால் என்ன தெரியுமா? மழை பெய்கிற கூரைக்குக் கீழே ஆரோ தாலாட்டுகிற மாதிரி. என் கையில் உரல் அப்படியே நின்றுவிட்டது. புதுப் பிள்ளை, “அக்கா, சுகமில்லையோ?” என்று கேட்டாள்.

ஒரு வயரில் இரண்டு முனை, இரண்டிலும் ஒரே பாட்டுத்தான் வரும் என்றுதானே நினைத்தோம்? ஒரு பைப்புக்கு இரண்டு வாளி வைத்த மாதிரி. இல்லையடி. பதினொரு வருசமாக உனக்குப் பாதி, எனக்குப் பாதி. இரண்டு மடைச்சிகள் பக்கத்தில் பக்கத்தில் இருந்து ஆளுக்கொரு பாதியைக் கேட்டு அடிபட்டிருக்கிறோம்.

பிறகு பழையதெல்லாம் எடுத்துத் திரும்பக் கேட்டேன். கனடாவில் இருக்கிற பெடியனின் ‘பனிக்குள்ள பலாப்பழம்’, நான் பச்சை மா என்று சொன்னது. தோல்வியை ஒத்துக்கொள்கிறேன். உன் பக்கத்தில் அவன் தாய்க்கு ரகசியம் சொல்கிற மாதிரி பாடுகிறான், எனக்கு வந்தது வெறும் குளிர்காற்றுச் சத்தம். தெஹிவளை மாடிக்காரரின் ‘லிஃப்ட் வேலை செய்யாது’ மட்டும் இரண்டு முனையிலும் ஒரே மாதிரித்தான். பல்லுவலிக்காரன் மாதிரிப் பாடுகிறான் என்று சொன்னோமே, இரண்டு காதும் வைத்தால் இரண்டு பல்லும் வலிக்கிறது. அதில் மட்டும் நாம் ஒத்துப்போனது சும்மா இல்லை.

கடைசியில் நிரோஷியினதை வைத்தேன். உன் பக்கத்தில் அவள் பாடுகிறாள், நிறுத்துகிறாள். நிறுத்தின இடத்தில் என் பக்கத்தில் வயலின் பதில் சொல்கிறது. எட்டுப் பாட்டும் அப்படித்தான், கேள்வியும் பதிலும். உனக்குக் கேள்வி மட்டும் வந்திருக்கிறது. எனக்குப் பதில் மட்டும், அவள் குரல் எங்கோ தூரத்தில்.

அடுத்த நாளே லீவு போட்டு, ஒரு பார்சல் இடியப்பமும் சம்பலும் கட்டிக்கொண்டு வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறினேன். உன் மகள் வேலை செய்கிற புடவைக்கடையில் சாப்பாட்டு நேரம். அவளைக் கடற்கரைப் பக்கம் இழுத்துக்கொண்டு போய், ரெயில் பாதைக்கு இந்தப் பக்கம் இருக்கிற சீமெந்துக் கட்டு மேல் இருத்தினேன். “ஒண்டும் கேளாத. அம்மாவின்ர முனையை வை” என்றேன். என் முனையை நான் வைத்தேன். அவளுடைய முதல் பாட்டைப் போட்டேன்.

ஒரு நிமிசம் போயிருக்காது. நெற்றியைச் சுருக்கிக்கொண்டு திரும்பினாள்.

“எங்க வயலின்?”

ரீட்டா, உன் குரல். அதே சொல், அதே சுளிப்பு.

“அது என்ர பக்கத்தில இருக்கு” என்றேன்.

அவளுக்கு நான் விளக்கத் தேவையில்லை, படித்த பிள்ளை. முனையைக் கழற்றி, அந்தச் சிவப்பு நூலைப் பார்த்தாள். “அம்மா இதைத்தான் கேட்டவவா?”

“ஓம்.”

“எட்டுப் பாட்டும்?”

“எட்டும். முழு நேரமும் அந்தச் சிவப்பு நூல் முனைதான்.”

அப்போது பாணந்துறைப் பக்கம் போகிற ரெயில் வந்தது. அவள் வாய் திறந்திருந்தது, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று சத்தத்துக்குள் தெரியவில்லை. ரெயில் போன பிறகும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை, இரண்டும்தான் போல. பிறகு இடியப்பப் பார்சலைப் பிரித்துச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னாள். “அம்மா சொன்னது சரிதான் அன்ரி. இந்தப் பக்கம் ஆளில்லாத வீடுதான். பஸ்ஸில, கடையில எத்தனை பேர் இப்பிடி ஒரு காதால கேக்கினம். நான் யோசிக்கவே இல்ல.”

மூன்று கிழமை இருந்து திருத்தினாள். இப்போது எந்த முனையை வைத்தாலும் அவளும் இருக்கிறாள், வயலினும் இருக்கிறது. இரண்டையும் வைத்தால் மட்டும் ஒருவரையொருவர் பார்த்துக் கதைக்கிறார்கள். உன் குறைதான் அதைத் திருத்தியது, ரீட்டா. பெருமைப்படு, ஆனால் அளவோடு.

என்னிடம் தீர்ப்புக் கேட்டாள். உன் மகள் என்பதற்காகப் பூசவில்லை. ஏழு பாட்டு வெந்தது. ஆறாவது பச்சை மா, இரண்டு பாட்டுக்கான மாவை ஒரு தட்டில் பிழிந்திருக்கிறாள் என்றேன். “அது அம்மாவுக்குப் பிடிச்ச மெட்டு, வெட்ட மாட்டன்” என்றாள். வாய் உன்னுடையது, பிறகு நான் என்ன செய்ய? இந்தக் கிழமை வெளியில் விடுகிறாள். கேட்கிறவர்கள் கேட்டுவிட்டு, ஆறாவதைப் பற்றி நான் சொன்னது சரியா இல்லையா என்று அவளுக்கே எழுதுங்கள்.

ஒரு விசயம்தான் உனக்குச் சொல்ல வேண்டியிருந்தது. அதற்குத்தான் இத்தனை தாள். வயலின் இருந்தது, ரீட்டா. நான் பொய் சொல்லவில்லை. நீயும் பிழையாகக் கேட்கவில்லை.

இனி வருகிற ஒவ்வொரு அல்பத்தையும் முதலில் உன் முனையில் கேட்பேன், பிறகு என் முனையில், பிறகு இரண்டிலும். உன் பக்கத்துத் தீர்ப்பு என்னவாக இருக்கும் என்று எனக்குத் தெரியும், அதையும் சேர்த்துச் சொல்லித்தான் தட்டு இறக்குவேன். இல்லாததைப் புகழ மாட்டேன், உன் மகளுடையது என்றாலும். நூலை அவிழ்க்கவும் மாட்டேன்.

உன்ர ஊத்தைக் காதுக்காரி,
நூல் கட்டாத பக்கத்துச் சகோதரி,
மகேஸ்