கோட்டு வைத்த கதிரை

என் அண்ணாவுக்கு,

நேற்று வேலை முடிந்து டண்டினொங்கிலிருந்து வீட்டுக்கு வந்தபோது, எங்கள் நகரசபைத் தேர்தலுக்கான வாக்குத்தாள் தபாலில் வந்து கிடந்தது. உங்களிடம் சொல்ல வேண்டும் போல இருந்தது. நீங்கள் எங்களை விட்டுப் போய் ஐந்து மாதமாகிறது.

அகதியாகச் சுவிஸுக்குப் போனீர்கள். உணவகத்தில் கோப்பை கழுவினீர்கள். பிறகு சொந்தக் கடை, கறித்தூள் இறக்குமதி. அதோடு நிற்காமல் நகரசபைத் தேர்தலிலும் நின்றபோது எனக்குச் சிரிப்பு வந்தது. மேடையேறும் எவரையும் நம்பாத பழக்கம் பல்கலைக்கழகத்திலேயே எனக்கு வந்துவிட்டது.

அங்கே கட்சிப் பட்டியலில் பிடிக்காத பெயரை வாக்காளர் பேனாவால் வெட்டிவிடலாமாம். முதல்முறை உங்கள் பெயரைத்தான் அதிகம் வெட்டினார்கள்.

“என்ர பேர் நீளம் பிள்ளை. வெட்ட வசதியாக் கிடந்திருக்கும்.”

“கடையைப் பாருங்கோ அண்ணா. உங்களுக்கேன் இந்த வேலை?”

“நீ மட்டும் என்னவாம்? தண்டத்துக்குப் பயந்து வெறுந்தாளை அனுப்புற ஆள்!”

உண்மைதான். இந்த நாட்டில் வாக்களிக்காவிட்டால் தண்டப்பணம் கட்ட வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒன்றும் எழுதாத தாளையே அனுப்பினேன். அதை ஒரு கொள்கை என்றுகூட நினைத்திருந்தேன்.

அடுத்த தேர்தலில் வென்ற ஒருவர் இடையில் விலக, பட்டியலில் அடுத்ததாக இருந்த நீங்கள் உள்ளே போனீர்கள். முதல் கூட்டத்துக்கு வரச் சொன்னீர்கள். லீவு இல்லை என்றேன். லீவு இருந்தது அண்ணா.

செத்தவீட்டில் அண்ணி சொன்னார்: “அண்டைக்குச் சபையில, பாக்க வாற ஆக்களின்ர வரிசையில ஒரு கதிரைக்கு மேல தன்ர கோட்டைப் போட்டு வைச்சவர். ‘தங்கச்சி சொல்லாமல் கொள்ளாமல் வந்து நிப்பாள்’ எண்டவர். கடைசிவரைக்கும் ஒருத்தரையும் அதில இருக்க விடேல்லை.”

கோட்டில்லாமலா உறுதிமொழி எடுத்தீர்கள்?

சபையில் என்ன கிழித்தீர்கள் என்று ஒருநாள் குத்தலாகக் கேட்டேன். முதியோர் இல்லத்துக்கு முன்னால், பஸ் தரிப்பில் முதியவர்கள் உட்கார ஒரு வாங்கு போடுவித்ததாகச் சொன்னீர்கள். உங்களை எரித்த மறுநாள் அதில் போய் இருந்தேன். இரண்டு பஸ்களைப் போகவிட்டேன்.

இங்கே எந்தப் பெயரையும் வெட்ட முடியாது. பிடிக்காதவருக்கும் விருப்ப வரிசையில் ஓர் இலக்கம் போட வேண்டும். போட்டியிடும் ஏழு பேரின் அறிக்கைகளையும் நேற்று வாசித்தேன். ஒருவரையும் முழுதாக நம்பவில்லை. ஆனாலும் ஒன்றிலிருந்து ஏழு வரை போட்டேன். முதல் இலக்கம், பஸ் தரிப்புக்குக் கூரை வேண்டும் என்று எழுதியவருக்கு.

புதிய சபை கூடும் நாளில் லீவு எடுப்பேன். பார்வையாளர் வரிசையில் இருப்பேன். பக்கத்துக் கதிரையில் என் கோட்டை வைத்து, கடைசிவரை ஒருவரையும் இருக்க விடமாட்டேன்.

லீவு இருந்தும் வராத,
உங்கள் தங்கச்சி