ஓரத்தில் நின்ற வசந்தா

வெள்ளிக்கிழமை

எங்கள் தமிழ்ச் சங்க மலருக்கு என் கட்டுரையையும் பாட்டுக்குழுப் படத்தையும் நேற்றே அனுப்பிவிட்டேன். முகங்கள் பெரிதாகத் தெரியட்டும் என்று படத்தின் ஓரத்தை வெட்டியிருந்தேன். அந்த ஓரத்தில் நின்றவள் வசந்தா.

இன்று லாலாகுடாவிலிருந்து அவள் போன் செய்தாள். அவளுக்குக் கீமோ தொடங்கி மூன்று மாதமாகிறது.

"படத்துல நான் இருக்கேன்ல அக்கா? முடியோட எடுத்த கடைசிப் படம் அது."

"ஹவ், ஆமா, இருக்கியே" என்று சொல்லிவிட்டேன்.

உடனே மலர் ஆசிரியரைக் கூப்பிட்டேன். "பக்கமெல்லாம் பிரஸ்ஸுக்குப் போயிடுச்சும்மா. காலையில கேட்டுப் பார்க்கறேன்" என்றார். முழுப் படத்தையும் அனுப்பி, என் கட்டுரையைச் சுருக்கியாவது இதைப் போடுங்கள் என்று எழுதினேன். அவர் இன்னும் பார்க்கவில்லை.

வசந்தாவிடமிருந்துதான் செய்தி வந்திருக்கிறது: "எனக்குப் பத்து பிரதி எடுத்து வைங்க அக்கா."