கடலில் காணாமற்போனவன் மனைவிக்கு நெறி சொன்ன நங்கை

மழை மறவாத குன்றுகளும் சந்தனம் மணக்கும் சாரல்களும் உடைய தேன்வரை நாட்டைக் குடைநிழலில் காத்தருளும் வேங்கைக்கொடி வேந்தர், எம் உடன்பிறவாத் தமையனார், சந்தனவேள் மன்னருக்கு, சுறாக்கொடி பறக்கும் ஆழிமுக நாட்டின் அரியணையில் அமர்ந்த ஒளிவளை மாதேவி வரைவிக்கும் திருமுகம்.

தங்கள் கோல் நிமிர்ந்து நிற்க. தங்கள் பட்டத்தரசியாரும் இளவரசரும் நோயின்றி வாழ்க. தங்கள் சாரல்களில் தினை முற்றுக; தங்கள் குடிகளின் அடுப்பில் உலை ஓயாதிருக்க. இங்கு யாமும் எம் குடிகளும் நலமே. அந்நலத்தில் பெரும்பங்கு தாங்கள் தந்தது. அதைச் சொல்லி நன்றி கூறவே இவ்வோலை வருகிறது.

சென்ற ஆண்டுப் பெரும்புயல் எம் கரையை அழித்தபோது, கூரைக்கு மரமும் உணவுக்குத் தினையும் வேண்டித் தங்களுக்கு ஓலை விடுத்தோம். தாங்கள் இரண்டையும் வண்டி வண்டியாக அனுப்பினீர்கள். கடைசி வண்டியில் ஒரு பெண்மணியும் வந்து இறங்கினார். தங்கள் அறமன்றத்தில் நெறியுரைப்பவராக இருக்கும் குவளை நங்கையார் இவர் என்றும், புயலுக்குப் பின் மக்களுக்குச் சோற்றைவிடக் கேள்விகள் மிகுதியாக இருக்கும் என்றும் தங்கள் ஓலை சொன்னது. எம் அமைச்சர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டனர். மரம் கேட்ட இடத்தில் நெறி அறிந்த ஒருவரை ஏன் அனுப்பினார் மலைவேந்தர் என்று அவர்களுக்கு விளங்கவில்லை. உண்மையில் அன்று எமக்கும் விளங்கவில்லை.

அவைக்களத்தில் அவருக்கு இருக்கை இடச் சொன்னோம். நங்கையார் மறுத்துவிட்டார். அரண்மனை வாயிலில் வேல் பிடித்த காவலரைக் கண்டதும் பாதிக் கேள்விகள் திரும்பிப் போய்விடும் என்றார். துறைமுகத்தில் மீன் ஏலம் விடும் கொட்டகையைத் தாமே தேடிச் சென்று, காலை ஏலம் முடிந்து தரையைக் கழுவிவிட்ட பிறகு, ஒரு கவிழ்த்த கூடையின் மேல் அமர்ந்தார். மலைநாட்டில் பிறந்தவருக்கு அந்த மணம் எப்படி இருந்திருக்கும் என்று யாம் எண்ணிப் பார்த்ததுண்டு. அவர் ஒருநாளும் முகம் சுளித்ததாக யாரும் சொல்லவில்லை.

முதலில் ஒருவரும் வரவில்லை. பிறகு ஒரு குடியானவன் வந்து, அண்டை வீட்டானிடம் உழவுக்கு இரவல் வாங்கிய காளை புயலில் இறந்துவிட்டது, அதற்கு யார் பொறுப்பு என்று கேட்டான். தன் மாட்டைப் போலவே அதையும் பேணியிருந்தால் இழப்பு காளை உடையவனுக்கே என்றும், தன் மாட்டை உள்ளே கட்டி இரவல் மாட்டை மழையில் விட்டிருந்தால் மாற்றுக் காளை தந்தே ஆகவேண்டும் என்றும் நங்கையார் சொன்னார். அவன் தலையைச் சொறிந்துகொண்டே போய் ஒரு காளைக்கு ஏற்பாடு செய்தானாம். அதன்பின் கேள்விகள் வந்துகொண்டே இருந்தன. கூரை போன வீட்டிலிருந்து குடியிருப்பவனை உடையவன் உடனே வெளியேற்றலாமா என்றார்கள். பேசிய தவணை முடியும்வரை வெளியேற்ற முடியாது என்றார். தாய்வீட்டுச் சீராக வந்த அணிகலன் கணவனுடையதா என்று ஒருத்தி கேட்டாள். அது அவளுடையது, அவள் மனமறிந்து தந்தாலன்றி எவரும் தொடலாகாது என்றார். காரணம் சொல்லாமல் காவலர் பிடித்துப் போகலாமா என்று ஓர் இளைஞன் தாழ்ந்த குரலில் கேட்டான்; காரணம் கேட்பது அவன் உரிமை, சொல்வது காவலர் கடமை என்று கொட்டகை முழுதும் கேட்கும்படி உரக்கச் சொன்னார். அங்கு நின்ற எம் காவலர் இருவர் அன்று மாலையே தம் தலைவரிடம் சென்று அது மெய்தானா என்று கேட்டனர். மெய்தான் என்று யாம் சொல்லியனுப்பினோம்.

உப்பளத்து மூதாளன் ஒருவன் கிளிக்கூண்டோடு வந்து, "அம்மா, இந்தச் சனியன் சுங்கக்காரரைப் பார்த்துத் திட்டிடுச்சு. என்னை உள்ள வெச்சுடுவாங்களா?" என்றானாம். "கிளிக்குக் குற்றம் கிடையாது ஐயா. ஆனா அது யார்கிட்ட கேட்டுப் பழகுச்சுன்னு அவர் கேட்டா, நீங்க என்ன சொல்லுவீங்க?" என்று நங்கையார் கேட்க, கொட்டகையே சிரித்ததாம். இதை எம்மிடம் சொன்னவர் அந்தச் சுங்க அலுவலரே.

ஒவ்வொரு விடையின் முடிவிலும் அவர் ஒன்றைச் சொல்லத் தவறுவதில்லை. "இது எல்லாருக்கும் பொதுவா உள்ள நெறி. உங்க கதை முழுசையும், எதிராளி கதையையும் கேட்டுத்தான் மன்றம் முடிவு சொல்லும்" என்பார். அச்சொல்லைக் கேட்டு மக்கள் மனம் தளரவில்லை. மன்றத்துக்கு வரும் துணிவைப் பெற்றார்கள்.

தமையனாரே, இனி எழுதப்போவதே இவ்வோலையின் உயிர். இதில் வருவோரின் பேச்சை அவரவர் வாய்மொழியாகவே வரையுமாறு எம் ஓலைநாயகத்துக்குச் சொல்லியிருக்கிறோம். அவையின் நடைக்கு மாற்றினால் அதன் வெம்மை போய்விடும்.

எம் துறைத்தலைவர் வயிரனைத் தாங்கள் அறிவீர்கள். எம் துறையிலுள்ள படகுகளில் பெரும்பாலானவை அவர் சொல்லுக்குக் கட்டுப்பட்டவை. அவருடைய தம்பி நீலன், புயலன்று வெண்மணல் திட்டுக்கு அருகே வலை வைத்திருந்தவன், திரும்பவில்லை. உடலும் கரையேறவில்லை. அவன் சென்றது பங்காளியிடம் இரவல் வாங்கிய சிறு தோணியில். அவனது சொந்தப் படகு பழுது பார்ப்பதற்காகக் கரையில் இருந்தது. அவனுக்கு அலரி என்று ஒரு மனைவியும் சிப்பி என்று ஒரு பெண்மகளும் உண்டு. ஆண்மகவின்றி இறந்தவனின் படகும் மனையும் மூத்தவனைச் சேரும் என்பது எம் கரையின் பழைய வழக்கம். மழைக்காலம் முடிந்ததும் வயிரன், தம்பிக்கு வைக்கோலால் உருச் செய்து எரியூட்ட நாள் குறித்தார். அலரியின் கைவளையை அன்றே கழற்றவேண்டும் என்று ஊர்ப்பெண்களுக்கும் சொல்லப்பட்டது.

அலரி கொட்டகைக்கு ஓடி வந்தாள். "எங்க வீட்டுக்காரர் செத்துட்டார்னு யாரும்மா பார்த்தா? கடல் வந்து சொல்லுச்சா? நான் கட்டினவரை நானே செத்துட்டார்னு சொல்லாதப்ப, இவங்க எப்படிச் சொல்லலாம்?" என்று கேட்டாள்.

"தங்கச்சி, மொதல்ல உக்காரு" என்றார் நங்கையார். "காணாமப் போனவர் செத்தவர் இல்லை. ஏழு மழைக்காலம் எந்தச் சேதியும் வராம இருந்தாத்தான், செத்ததா மன்றம் எடுத்துக்கும். அதுக்கு முன்னாடி, பார்த்த சாட்சி வேணும், இல்லைன்னா நீ சொல்லணும். அதுவரைக்கும் அவர் வீட்டையும் படகையும் காக்குறவ நீதான். இது பொது நெறி. உன் காரியத்தை மன்றத்துல கேளு."

இச்சொல் துறை முழுதும் பரவியது. எம் அமைச்சர்கள் கலங்கினர். வேற்றுநாட்டுப் பெண்ணொருத்தியின் சொல்லுக்காகத் துறைத்தலைவரைப் பகைத்துக்கொண்டால், வடகரைக் கொள்ளையர் வரும்போது எவர் படகில் ஏறிப் போரிடுவது என்று கேட்டனர். நங்கையாரை நன்மொழி கூறி அனுப்பிவிடலாம் என்றும் ஒருவர் சொன்னார். யாம் நங்கையாரை அழைத்து அவர் கருத்தைக் கேட்டோம். போகச் சொன்னால் போவதாகவும், ஆனால் போகும் வழியில் எவரேனும் இதே கேள்வியைக் கேட்டால் இதே விடையைத்தான் சொல்லவேண்டியிருக்கும் என்றும் பணிவோடு சொன்னார். அவர் குரலில் நடுக்கம் இருந்தது. ஆயினும் சொல் மாறவில்லை. யாம் வழக்கை மன்றத்தில் கேட்பதாக அறிவித்தோம்.

அன்று அவை நிறைந்திருந்தது. வயிரன் தம் படகோட்டிகளோடு வந்து நின்றார். அவர் சினந்து பேசுவார் என்றே அனைவரும் எதிர்பார்த்தோம். தம்பியின் படகை ஏன் விரும்புகிறீர் என்று யாம் கேட்டதும், அந்தப் பெரிய உடம்பு தளர்ந்துவிட்டது.

"படகு எனக்கு எதுக்கும்மா? எங்கிட்ட இல்லாத படகா?" என்றார். "தம்பி கனவுல வர்றான். தண்ணி தண்ணின்னு கேக்குறான். கடலுக்குள்ள கிடந்துகிட்டு தண்ணி கேக்குறான். அவனுக்கு ஒரு வாய் தண்ணி விடாம எனக்குச் சோறு எறங்கலம்மா. இந்தப் பொண்ணு அவன் வருவான் வருவான்னு வாசல்ல விளக்கு ஏத்தி வெக்குது. அதைப் பார்க்கப் பார்க்க என் நெஞ்சு வெடிக்குது."

வழக்கில் இருபுறமும் நின்றது ஒரே துயரம் என்பது அப்போதுதான் எமக்குப் புரிந்தது. எதிரே நின்ற அலரி அதுவரை கணவனின் தமையனான தன் மூத்தாரின் முகத்தை ஏறிட்டுப் பார்த்ததில்லை, அன்று பார்த்தாள்.

நெறி என்ன சொல்கிறது என்று நங்கையாரைக் கேட்டோம். அவர் வயிரன் பக்கம் திரும்பி, "ஐயா, கரையில நின்னு தம்பியை நெனச்சு நீங்க தண்ணி விடுறதை எந்த நெறியும் தடுக்காது. உசிரோட இருக்கிறவங்களை நெனச்சும் தண்ணி விடலாம். அதைத் தினமும் விடுங்க. ஊரைக் கூட்டி உருவம் எரிச்சு, அவ கைவளையைக் கழட்டுறதைத்தான் நெறி தடுக்குது. அவ காத்திருக்கிறது அவளோட உரிமை. நீங்க அழுறது உங்களோட உரிமை. ஒண்ணு இன்னொண்ணை மிதிக்கக்கூடாது" என்றார்.

யாம் அவ்வாறே தீர்ப்பளித்தோம். வயிரன் கைகூப்பினார். மறுநாள் விடியலில் அவர் தனியே கரையில் நின்று கைநிறைய நீரள்ளிக் கடலில் விட்டதைப் பலர் கண்டனர். சில நாள் கழித்துச் சிப்பியும் அவர் அருகில் நின்று தன் சிறுகையால் நீர் விட்டாளாம்.

இவ்வாண்டுக் காற்று அடங்கியதும் அலரி தன் மூத்தாரிடம் சென்று, படகைக் கடலில் இறக்கவேண்டும், வெண்மணல் திட்டைத் தன் கண்ணால் பார்க்கவேண்டும் என்று கேட்டாள். பெண்கள் அவ்வளவு தூரம் கடலேறும் வழக்கம் எம் கரையில் இல்லை. வயிரன் மறுசொல் பேசாமல் தாமே சுக்கான் பிடித்தார். நீலனின் படகிலேயே சென்று, திட்டையும் அதைச் சூழ்ந்த சிறு தீவுகளையும் ஒவ்வொன்றாகத் தேடி, அங்கு வலை வைப்போரையெல்லாம் கேட்டுத் திரும்பினர்.

கரையேறியதும் அலரி வீட்டுக்குச் செல்லவில்லை. உப்பு படிந்த ஆடையோடு நேரே எம் மன்றத்துக்கு வந்தாள். வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது; அதை நிறுத்தச் சொன்னோம்.

"தேடிட்டேன்மா" என்றாள். "கேக்க வேண்டியவங்களை எல்லாம் கேட்டுட்டேன். மூத்தார்தான் கூட்டிட்டுப் போனார். இனிமே எங்க வீட்டுக்காரர் வரமாட்டார். இதை நானே சொல்றேன். எழுதிக்குங்க."

அவள் அழவில்லை. பின்னால் நின்ற வயிரன்தான் அழுதார். யாம் அரியணையிலிருந்து எழுந்தோம், அவையும் எழுந்தது. வயிரன் முன்வந்து, வழக்கத்தின்படி தமக்கு வரவேண்டிய படகும் மனையும் அலரிக்கும் சிப்பிக்குமே உரியன என்று அவையறியச் சொன்னார். அன்று மாலை நீலனுக்குரிய சடங்கு அலரி குறித்த பொழுதில், அலரி சொன்ன இடத்தில் நடந்தது. அவள் வளையை எவரும் கழற்றவில்லை. வேண்டுமா வேண்டாமா என்பது அவள் விருப்பம் என்று ஊர்ப்பெண்களே விட்டுவிட்டனர்.

தமையனாரே, எம் நாட்டில் வீரருக்கும் புலவருக்கும் யானைகளுக்கும் குறைவில்லை. ஆயினும் துயருற்ற ஒருத்தியின் கேள்விக்கு அஞ்சாமல், குழப்பாமல், மிகுத்துச் சொல்லாமல் விடை சொல்ல எம்மிடம் ஒருவரும் இருந்ததில்லை. தாங்கள் அவரைத் தந்தீர்கள். யாம் கேட்டது மரம். தாங்கள் தந்ததைக் கேட்க எமக்குத் தெரிந்திருக்கவில்லை. தலைதாழ்த்தி நன்றி கூறுகிறோம்.

நங்கையாரை எம் அவையிலேயே இருத்திக்கொள்ள விரும்பினோம். தம் ஊரிலும் கேள்விகளோடு மக்கள் காத்திருப்பார்கள் என்று சொல்லி விடைபெற்றார். பொன்னும் பட்டும் கொடுத்தோம், வாங்கவில்லை. அலரி கட்டிக்கொடுத்த கருவாட்டுப் பொதியை மட்டும் இரு கையாலும் வாங்கிக்கொண்டார். அதன் மணம் இத்திருமுகத்துக்கு முன்னே தங்கள் அரண்மனை வந்து சேரலாம், பொறுத்தருள்க. அவரிடம் நெறி கற்ற எம் நாட்டார் சிலர் இப்போது சந்தைதோறும் அமர்ந்து மக்களின் கேள்விகளுக்கு விடை சொல்கின்றனர். அவர்களுக்கு ஐயம் எழும்போது தங்கள் மன்றத்துக்கு ஆள் அனுப்ப இசைவு தருமாறு வேண்டுகிறோம்.

எம் துறைதோறும் பறையறைந்து சொல்லுமாறு யாம் இட்ட கட்டளையைத் தங்கள் அறிவுக்கும் வரைகிறோம்: ஆழிமுகக் கரையில் கடலேறிக் காணாமற்போனவனை, நெறி வகுத்த காலம் முடியுமுன், சாட்சி இன்றியும் அவன் மனைவியின் சொல் இன்றியும் இறந்தவன் என்று எவரும் கூறலாகாது, அவன் மனையையும் படகையும் அவளிடமிருந்து எவரும் கொள்ளலாகாது, அவன் இறந்தான் என்று அவள் சொல்ல வரும் நாளில், மன்றத்தில் இருப்போர் அனைவரும், அரசரே ஆயினும், எழுந்து நின்று கேட்கவேண்டும்.

கடல் உள்ளளவும் இந்நட்பு நிலைக்க. ஒளிவளை மாதேவியார் கூறக்கேட்டு எழுதினேன், ஓலைநாயகம் ஆரலூர் முகுந்தன். அரசியார் தம் கையால் சுறாமுத்திரை இட்டது.